உங்கள் வீட்டில் கடைசியாகத் தூங்குவது யார்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அறிவியல் நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அட்டையின் ஒரு மூலை கருகியிருந்தது. உள்ளே நாலைந்து பக்கங்கள் தொட்டதும் உதிர்ந்தன. "டீச்சர், வேற நோட்டு கிடைக்குமா?" என்றாள். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வந்து, மெத்தையில் படுத்தபடியே பீடி பிடித்திருக்கிறார். அசதியில் கண் அசந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு ஆயா இருமிக்கொண்டே எழுந்து பார்த்தால், அறை முழுக்கப் புகை. ஆயாவுக்கு அந்த இருமல் வந்திராவிட்டால் நான்கு பேரின் கதி என்ன? அதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான், பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

பஞ்சு மெத்தையில் விழுந்த நெருப்பு உடனே பற்றி எரியாது. உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அணைந்துவிட்டது என்று நினைத்தாலும் உள்ளே இருக்கும். சுட்டால் எழுந்துவிடுவோம் என்று நாம் நம்புகிறோம். சூடு வந்து சேருவதற்கு முன்பே புகை வந்துவிடுகிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூங்குகிறவரை அது எழுப்பாது, மயக்கத்தில்தான் தள்ளும்.

அப்பாமார்களிடம் ஒரு வேண்டுகோள். பீடி, சிகரெட்டை நீங்கள் அடியோடு விட்டுவிட்டால் அதைவிட எனக்குச் சந்தோஷம் வேறில்லை. சரி, இன்றைக்கே முடியாதென்றால் வீட்டுக்குள் மட்டும் வேண்டாம். படுக்கையில் வேண்டவே வேண்டாம். வாசலுக்கு வெளியே நின்று பிடியுங்கள். துண்டைத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். மாடியிலிருந்து சுண்டிவிடாதீர்கள், கீழ்வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருக்கும். தீப்பெட்டியும் லைட்டரும் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

அப்புறம், கார்த்திகை தீபம் வரப்போகிறது. விளக்கு ஏற்றுங்கள், பிள்ளைகளையும் ஏற்றச் சொல்லுங்கள். ஆனால் அகலைத் திரைச்சீலைக்கும் கதவுத் தோரணத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணெய் ஆசையில் எலி எரிகிற திரியையே இழுத்துக்கொண்டு போகும். அதனால் எல்லா விளக்கையும் மலையேற்றிவிட்டுப் படுங்கள். கரண்ட் போனால் மெழுகுவத்தியைப் பிளாஸ்டிக் டப்பா மேல் ஒட்டவைப்பதும், கொசுவத்தியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதும் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. என் வீட்டிலும் இருந்தது, நிறுத்திவிட்டேன்.

நம் பகுதியில் பாதி வீடுகளில் சாமி அலமாரியும் கேஸ் அடுப்பும் ஒரே அறையில்தான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். காலையில் எழுந்ததும் நேராகப் போய் விளக்கேற்றாதீர்கள். முதலில் ஜன்னலைத் திறந்து மோந்து பாருங்கள். நாற்றம் வந்தால் தீக்குச்சியும் வேண்டாம், லைட் சுவிட்சும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். அடுப்படிக்கு நைலான் நைட்டியைவிடப் பருத்தி நல்லது. நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சட்டையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், வீட்டிலும் செய்துகாட்டச் சொல்லுங்கள். சுட்ட இடத்தில் இங்க், பேஸ்ட், இட்லி மாவு எதுவும் பூசாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பெரிய காயம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தீயணைப்புக்கு 101. இரவில் கிரில் கேட்டைப் பூட்டினால் சாவி எங்கே தொங்குகிறது என்பது கடைக்குட்டி உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறை ஓலைக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்த வேதனையோடுதான் ஒவ்வொரு பள்ளி ஆண்டையும் தொடங்குகிறேன். அதற்குப் பிறகு பள்ளிகளில் ஓலைக்கூரை போனது, சோதனைகள் வந்தன. உங்கள் வீட்டுக்குள் வந்து அப்படிச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் பிள்ளைகளிடம் ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் கடைசியாகத் தூங்குவது யார், அவர் படுக்கும்முன் அடுப்பு, விளக்கு, கொசுவத்தி, பீடி டப்பா நான்கையும் பார்த்தாரா என்று ஒரு வாரம் தினமும் நோட்டில் எழுதி, அவர் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். நோட்டை நானே பார்ப்பேன். கருகிய நோட்டுக்குப் பதிலாக அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த புதிய நோட்டில் முதல் கையெழுத்து அவள் அப்பாவுடையது.

அன்புடன்,
தலைமையாசிரியர்