தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட இங்கிலீஷ் டீச்சருங்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாலக்கோடு பக்கம் சாயங்காலம் பத்தாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்கறவன் நான். ப்ரீஃபிக்ஸ் (வார்த்தைக்கு முன்னாடி ஒட்டற அன், இன், டிஸ் மாதிரி), ஆப்போசிட் நடத்தறது பத்தி உங்ககிட்ட ஒரு கோரிக்கை இருக்கு.

ஹேப்பிக்கு அன்ஹேப்பி, கரெக்ட்டுக்கு இன்கரெக்ட்னு பசங்க டக்குனு பிடிச்சிக்கறாங்க. அதே கணக்குல, ரூத்லெஸ்னா இரக்கம் இல்லாதவன், அப்ப இரக்கம் இருக்கறவன் ரூத்ஃபுல் தானேன்னு ஒரு பொண்ணு டெஸ்ட்ல எழுதிருக்கு, அதை சிவப்பு பேனால அடிச்சி 'அப்படி ஒரு வார்த்தையே கிடையாது'ன்னு எழுதி குடுத்திருக்காங்க. இருக்குங்க. ரூத்னா இரக்கம், ஒரு காலத்துல இங்கிலீஷ்காரங்க சாதாரணமா புழங்குனது தான், ரூத்ஃபுல்லும் பெரிய டிக்‌ஷனரில இன்னிக்கும் இருக்கு. பேச்சுல வழக்கொழிஞ்சி போய் லெஸ் ஒட்டுனது மட்டும் தங்கிடுச்சி, அவ்ளோதான். அந்த பொண்ணு யோசிச்சி எழுதினது தப்பே இல்ல, அதுக்கு மார்க் போயிருக்கக்கூடாது.

ரெக்லெஸும் இதே கதை தான், ரெக்னா அக்கறை, அது இல்லாம கண்மூடித்தனமா நடக்கறவன் ரெக்லெஸ். அன்கெம்ப்ட்னா தலை கலைஞ்சி கிடக்கறது, அதுல இருக்கற கெம்ப்ட்னா தலை சீவினதுன்னு அர்த்தம், சீப்புக்கு சொல்ற கோம்பும் இதுவும் ஒரே வேர்ல வந்தது. அன்கூத் இன்னும் சுவாரஸ்யம், கூத்னா தெரிஞ்சதுன்னு அர்த்தம், அதனால அன்கூத்னா முதல்ல முன்பின் தெரியாததுன்னு தான் இருந்திருக்கு, போகப்போக அது நாகரிகம் தெரியாதவன்னு ஆயிடுச்சி (வெளியூர்க்காரன்னாலே ஒரு மாதிரி பாக்கற புத்தி எல்லா ஊர்லயும் இருந்திருக்கு).

இதெல்லாம் பசங்களுக்கு ஏறாதுன்னு சொல்லாதீங்க. நம்ம அநாதைய எடுத்துக்கோங்க, நாதன் இல்லாதவங்க அநாதை, ஆனா அப்பா அம்மா இருக்கற பிள்ளைய யாராவது நாதைன்னு கூப்பிடறாங்களா? இதை சொன்ன உடனே புரிஞ்சிக்கறாங்க. ஓசூர், தளி பக்கம் வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசிட்டு வர்ற பசங்களுக்கும் இதே உதாரணம் ஒத்துவரும், அந்த பாஷைலயும் அநாதைக்கு கிட்டத்தட்ட அதே சொல் தான்.

ஆனா நான் முக்கியமா கேக்கறது இன்ஃப்ளேமபிள் பத்தி. தொப்பூர் கணவாய்ல பைக்ல எறங்கறப்ப முன்னாடி போற டேங்கர் பின்பக்கம் பாருங்க, சிவப்புல பெருசா ஹைலி இன்ஃப்ளேமபிள்னு எழுதிருக்கும். இன் போட்டா இல்லைன்னு மட்டும் படிச்ச பையன் அதை எப்படி படிப்பான்? தீயே பிடிக்காதுன்னு தான படிப்பான். நெஜத்துல அதுக்கு சுலபமா தீப்பிடிக்கும்னு அர்த்தம், அந்த இன் லத்தீன்ல இருந்து வந்தது, உள்ளன்னு அர்த்தம் வர்ற இன், தீ வைக்கறதுக்கான வினைச்சொல்லோட சேர்ந்தே வந்தது, இல்லைங்கற இன் வேற. இந்த குழப்பம் பெரியவங்களுக்கே வரும்னு பயந்து தான் 1920கள்ல அமெரிக்காவுல தீ பாதுகாப்பு சங்கத்துக்காரங்க ஃப்ளேமபிள்னு எழுதுங்கன்னு வலியுறுத்தினாங்க. நம்ம ரோட்ல பழசு தான் ஓடுது. லாரி கிளீனரா போறவன், பெட்ரோல் பங்க்ல நிக்கறவன் எல்லாம் நம்ம பசங்க தான, இது மார்க்கு விஷயம் மட்டும் இல்லைங்க.

டிஸ்கிரன்டில்டும் (அதிருப்தியா இருக்கறவன்) இந்த மாதிரி ஏமாத்தறது தான், கிரன்டில்னா முணுமுணுக்கறது, அதுல டிஸ் வந்து இல்லைன்னு சொல்லல, ரொம்பன்னு சொல்லுது.

அதனால 'இது எக்செப்ஷன், மனப்பாடம் பண்ணிக்கோ'ன்னு தாண்டி போகாதீங்க. ப்ரீஃபிக்ஸ் பாடம் எடுக்கற அன்னிக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இந்த நாலஞ்சி வார்த்தைய போர்டுல எழுதி சொல்லுங்க, இன்ஃப்ளேமபிள கண்டிப்பா சேருங்க. பசங்க புதுசா ஏதாவது எழுதினா அடிக்கறதுக்கு முன்னாடி டிக்‌ஷனரிய ஒருக்கா புரட்டி பாருங்க, ஸ்கூல் லைப்ரரி பீரோல பெருசா ஒண்ணு இருந்தா அதே போதும். காலாண்டு பேப்பர் திருத்தறப்பவே ஆரம்பிச்சிட்டீங்கன்னா ரொம்ப சந்தோஷம்ங்க.