துணி போர்த்துவதற்கு முன் மகனுக்கு

நாகர்கோவில்
ஆனி 20

அன்பு மகனுக்கு,

நீ கட்டும் பீட்டன்போல் ஏர் கேம்பர் என்ற சிறு மர விமானத்தின் ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) எல்லாம் ஒட்டி முடிந்தது, அடுத்த மாதம் இறக்கைக்குத் துணி போர்த்தத் தொடங்குவேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒரு தடவை முழுக்கப் படி, மக்களே. துணி போர்த்திய பிறகு உள்ளே இருப்பதை ஒரு சிறு ஓட்டை வழியாகக் கையை விட்டுத்தான் தடவிப் பார்க்க முடியும். மரம், கம்பி, போல்ட் எல்லாவற்றையும் முழுசாகக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் கடைசி நாட்கள் இவை.

துணியை வெட்டும் முன் இறக்கைக்குள் குறுக்கே போகும் இழுவைக் கம்பிகளைப் பார். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, அளவு ஒத்துவந்த பிறகுதான் டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) கம்பி சுற்றிப் பூட்ட வேண்டும். ஐலெரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) அசைக்கும் கேபிள் புல்லியில் நேராக ஏறுகிறதா, எங்காவது ரிப்பை உரசுகிறதா என்று நீயே விமானம் ஓட்டும் ஸ்டிக்கை அசைத்துப் பார். ஒவ்வொரு நட்டுக்கும் பூட்டு இருக்கிறதா என்று, கட்டின உன்னைத் தவிர இன்னொருவரும் பார்க்கட்டும். கட்டினவன் கண்ணுக்குத் தன் தப்பு லேசில் தெரியாது. வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வை. நீ இருக்கும் அமெரிக்காவில் பாதிக்கு மேல் வேலையை நீயே செய்தாய் என்று ஆய்வாளரிடம் காட்டவும் அந்தப் படங்களும் வேலைக் குறிப்பேடும்தான் உதவும்.

அடுத்து வார்னிஷ். கடையில் கிடைக்கும் சாதாரண வார்னிஷ் வேண்டவே வேண்டாம். துணி ஒட்டும் பசையில் எம்.இ.கே. போன்ற கரைப்பான் இருக்கும். அது சாதாரண வார்னிஷை இளக்கித் தூக்கிவிடும். பசை வார்னிஷில் பிடித்திருக்கும், வார்னிஷ் மரத்தில் பிடித்திருக்காது. இரண்டு பகுதி கலந்து பூசும் எபாக்ஸி வார்னிஷ்தான் தாங்கும். சந்தேகம் இருந்தால் பூசிய துண்டு மரத்தில் எம்.இ.கே. நனைத்த துணியைச் சில நிமிஷம் வைத்துப் பார். நகம் பதிந்தால் அந்த வார்னிஷ் ஆகாது. உடல்பகுதியில் இரும்புத் துண்டுகள் இருக்கும் இடத்தில் எபாக்ஸி பிரைமர். உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று நம்ம ஊரில் வளர்ந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் இல்லாத ஊரிலும் மூடிய இறக்கைக்குள் பனி வியர்த்து ஈரம் நிற்கும்.

துணி கணக்கு இப்படி. உன் இறக்கை சுமார் 29 அடி நீளம், 60 அங்குல அகலம். பாலியஸ்டர் விமானத் துணி 70 அங்குல அகலத்தில் வரும். நீளவாக்கில் விரித்தால் முன்னும் பின்னும் சுருட்டி ஒட்ட மிச்சம் இருக்கும். ஒரு பக்கத்துக்கு (மேல் அல்லது கீழ்) பத்தரை கஜம், இரண்டு பக்கத்துக்கு 21 கஜம். வாலுக்கும் உடலுக்கும் தனி. சதுர கஜத்துக்கு 2.7 அவுன்ஸ் எடையுள்ள நடுத்தரத் துணியை வாங்கு. 1.7 அவுன்ஸ் துணி அல்ட்ராலைட் என்ற மிக லேசான விமானத்துக்குப் பொருந்தும். உன் விமானத்தில் அதைப் போட்டு மிச்சப்படும் எடையைவிட, கல் பட்டுக் கிழியும் கவலைதான் அதிகம் என்பது என் கருத்து. செகோனைட், பாலி-ஃபைபர் என்று துணி போர்த்தும் முறை எதுவானாலும் சரி, பசை, பூச்சு, பெயின்ட் எல்லாம் ஒரே முறையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். ஒன்றின் பசையையும் இன்னொன்றின் பூச்சையும் கலக்காதே.

துணி தொடும் இடத்தில் கூர்மையான விளிம்போ ஸ்க்ரூ தலையோ இருந்தால் தேய்த்து உருட்டி, மேலே உரசல் தடுக்கும் துணி டேப் ஒட்டு. ரிப்புகளுக்கு நடுவே பருத்தி நாடாவை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக மாற்றி மாற்றி இழுத்துக் கட்டு. இல்லாவிட்டால் துணி சுருங்கும்போது ரிப் பக்கவாட்டில் சாயும். முதலில் கீழ்ப்பக்கத் துணி, பிறகு மேல்ப்பக்கம். ஒட்டும்போது முறுக்கி இழுக்காதே, சுருக்கம் இல்லாமல் படிந்தால் போதும். சூடு காட்டினால் பத்தில் ஒரு பங்கு வரை அது தானாகச் சுருங்கும். சட்டத்தில் ஒட்டும் அகலம் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முன்விளிம்பில் இன்னும் தாராளமாகவே ஏற்று.

உன் இறக்கையில் ஒரு சிக்கல் உண்டு. ரிப்பின் அடிப்பக்கம் உள்வாங்கி வளைந்திருக்கும். துணி சுருங்கும்போது அந்தக் குழியிலிருந்து பிரிந்து, முன்னுக்கும் பின்னுக்கும் நேர்கோடாக நிற்கப் பார்க்கும். பசை சூட்டில் இளகும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மேல்த்துணி போடுவதற்கு முன்பே, சுருக்குவதற்கும் முன்பே, கீழ்த்துணியை ஒவ்வொரு ரிப்பின் அடிப்பட்டையோடும் தைத்துவிடு. மேலே திறந்திருக்கும்போது கை போக எளிது.

இனி இஸ்திரிப்பெட்டி. பெரும்பாலான இறக்கைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். டயலில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே. பெட்டியின் அடித்தட்டில் வெப்பம் கடத்தும் பசையைத் தடவி, வெப்பமானியை அதில் பதித்து, 250, 300, 350 டிகிரி ஃபாரன்ஹீட் (ஏறத்தாழ 120, 150, 175 செல்சியஸ்) மூன்றையும் கண்டுபிடித்து டயலில் கோடு போடு. பளபளக்கும் தட்டில் அகச்சிவப்புத் துப்பாக்கி தப்பாகத்தான் காட்டும். சூடு ரொம்ப ஏறி இறங்கும் பெட்டியாக இருந்தால் வேறு வாங்கு. முதல் சுற்று 250-இல், சுருக்கம் போகும் அளவுக்கு. பிறகு 300. கடைசியில் 350. மேல்ப்பக்கம் கொஞ்சம், கீழ்ப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிப் போ. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் பின்விளிம்பு முறுக்கிக்கொள்ளும். 375-ஐத் தாண்டினால் துணி இறுகுவதை விட்டுத் தளரும். தளர்ந்ததைத் திரும்ப இறுக்க வழி இல்லை, அந்த இடத்தை வெட்டி மாற்ற வேண்டும். அதனால்தான் ஹீட் கன் கூடாது என்கிறேன், அதன் சூட்டை யாராலும் அளந்து நிறுத்த முடியாது. ரிப் மெலிசாக இருக்கிறதே என்று சூட்டைக் குறைப்பதும் சரியில்லை. ரிப்பையும் பின்விளிம்பையும் இப்போதே பலப்படுத்து.

சுருக்கிய பிறகு பாலி-பிரஷ் போன்ற முதல் பூச்சு ஒன்று. அதை பிரஷ்ஷால் பூசு, நூலிழைக்குள் ஊற வேண்டும், ஆனால் மறுபக்கம் சொட்டக் கூடாது. அது காய்ந்ததும் ரிப் தையல்.

பசை போதாதா, தையல் எதற்கு என்று கேட்டிருந்தாய். பறக்கும்போது இறக்கையின் மேல் அழுத்தம் குறைந்து துணியை மேல்நோக்கி உறிஞ்சும். பசை சறுக்கு விசையைத் தாங்கும், உரிக்கும் விசையைத் தாங்காது. ஒரு ரிப்பில் பிரிந்தால் துணி பலூன்போல் எழும்பி இறக்கையின் வடிவமே போய்விடும். ரிப்பின் மேல் முதலில் பலப்படுத்தும் டேப் ஒட்டு. நீள ஊசியை ரிப்பை ஒட்டி மேலிருந்து கீழே இறக்கி, அடியில் ரிப்பைச் சுற்றி, மறுபக்கம் மேலே எடுத்து, முந்தின தையலிலிருந்து வரும் நூலுக்கு அடியில் விட்டு இழு. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போடு. முடிச்சு ரிப்பின் மேல் உட்காராமல் ஓரத்தில் இறங்கி நிற்க வேண்டும். அந்த முடிச்சுக்கு ஆங்கிலத்தில் சீன் முடிச்சு என்று பெயர். சீன் என்றால் கரமடி வலை. குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களின் விரலைப் பார்த்து வளர்ந்தவன் நீ, உனக்கு ஒரு மணி நேரத்தில் வரும். மெழுகு பூசிய தட்டை நூலே வாங்கு, உருட்டு நூல் டேப்புக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். தையலுக்குத் தையல் இடைவெளி விமானத்தின் உச்ச வேகத்தைப் பொறுத்தது. ப்ரொப்பெல்லர் காற்று அடிக்கும் ரிப்புகளில் இன்னும் நெருக்கம். அந்த அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி வைத்துக் கோடு போட்டுக்கொள்.

மீதி எளிது. ஒவ்வொரு ரிப், ஒவ்வொரு மடிப்பு, ஒவ்வொரு விளிம்பின் மேலும் பல்வெட்டு டேப். கீழ்ப்பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தின் தாழ்ந்த மூலையிலும் நீர் வடியும் வளையம். டர்ன்பக்கிள், புல்லி, ஸ்ட்ரட் (இறக்கையைத் தாங்கும் கம்பம்) பூட்டு உள்ள இடங்களில் பார்வை வளையம். வளையத்தை மட்டும் ஒட்டி வை, ஓட்டையைத் தேவைப்படும்போது வெட்டிக்கொள்ளலாம்.

வெள்ளிப் பூச்சில் கஞ்சத்தனம் வேண்டாம். அதிலிருக்கும் அலுமினியத் தூள்தான் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. பூச்சில்லாத பாலியஸ்டர் வெயிலில் பலம் இழக்கும். இறக்கைக்குள் பார்வை ஓட்டை வழியாக ஒரு பல்பை விட்டு, இருட்டில் வெளியே நின்று பார். வெளிச்சம் கசியும் இடத்தில் இன்னொரு பூச்சு. அதற்கு மேல் வண்ணத்தை ஏற்றிக்கொண்டே போகாதே. முக்கியமாக வாலில். அங்கே ஏறும் ஒவ்வொரு அவுன்ஸும் எடை மையத்தைப் பின்னுக்குத் தள்ளும்.

பூச்சு அடிக்கும் நாளை வானம் பார்த்துத் தேர்ந்தெடு. கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கும், ஈரக்காற்று என்றால் அதில் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். நம்ம ஊரில் ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டும் உண்டு, இங்கே என்றால் மாசி பங்குனிக்குக் காத்திருக்கச் சொல்வேன். உன் ஊரில் ஈரமானியைப் பார்த்துச் செய். கரிம ஆவிக்கான மாஸ்க், கையுறை இல்லாமல் தொடாதே. கேரேஜில் வாட்டர் ஹீட்டரின் சிறு சுடர் எரிந்துகொண்டிருந்தால் முதலில் அதை அணை. எம்.இ.கே. ஆவி தரையோடு ஊர்ந்து போய்த் தீப்பிடிக்கும்.

முதலில் இறக்கையில் கை வைக்காதே. ரட்டரில் (வாலில் இருக்கும் திருப்பும் மடல்) தொடங்கு, அது சிறிது, தப்பானால் உரித்துப் போட்டு மறுபடி போர்த்தலாம். ரட்டரின் படமும், டயலில் போட்ட மூன்று கோடுகளின் படமும் அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா