மானியம் பில்லுக்கு முன்பா, பின்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின்செலவைக் குறைக்கும் வேலைகளுக்கு அரசுகள் தரும் மானியங்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வேலைக்கு எத்தனை சதவீதம், உச்சவரம்பு எவ்வளவு என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. என்னைக் கேட்டால், தொகையைவிட அதுதான் முக்கியம்.

பல திட்டங்களில் முழுப் பணத்தையும் நாமே கட்டி வேலையை முடிக்க வேண்டும். அதன் பிறகு ரசீதோடு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சேமிப்பு உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மானியமே இல்லாவிட்டாலும் அவர் அந்த வேலையைச் செய்திருப்பார். மின்சாரத்தை விழுங்கும் பழைய பிரிட்ஜை மாற்ற வழியில்லாமல் மாதாமாதம் கூடுதல் பில் கட்டுகிறவர்தான் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அவர் செலுத்தும் வரியும் அந்த மானியத்தில் இருக்கிறது என்பது தனி வேதனை.

அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுப் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில், பணம் பிறகு வருவது, வாங்கும்போதே கிடைப்பது என இரண்டு வழிகளும் இருந்தன. ஒன்று வருமான வரிச் சலுகை: செலவில் 30 சதவீதம், பெரும்பாலான வேலைகளுக்கு ஆண்டுக்கு 1,200 டாலர் வரை, ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) வைத்தால் 2,000 டாலர் வரை. கட்ட வேண்டிய வரியில் மட்டுமே இதைக் கழித்துக்கொள்ள முடிந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. இன்னொன்று, மாநிலங்கள் வழியாக வரும் தள்ளுபடி. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் இருக்கும் அளவு) 80 சதவீதத்துக்கும் கீழே உள்ள குடும்பத்துக்கு ஹீட் பம்பின் முழுச் செலவும், 8,000 டாலர் வரை, வாங்கும்போதே பில்லில் கழிக்கப்படும். இரண்டாவதுதான் மானியம் என்ற பெயருக்குத் தகுதியானது. ஆனால் அதை மாநிலங்கள் ஆளுக்கொரு வேகத்தில், சில மிகவும் தாமதமாகத் தொடங்கின. வரிச் சலுகையும் 2025 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

பிறகு பணம் தரும் திட்டங்களின் விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரசீதில் உள்ள மாடல் எண், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள எண்ணோடு கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். கடைக்காரர் பில் போடும்போது ஓர் எழுத்தை விட்டிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பழைய கருவியைப் படம் எடுத்து இணைக்க வேண்டும் என்ற விதி, அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போன பிறகுதான் கண்ணில் படும். மின் இணைப்பு இறந்துபோன தந்தையின் பெயரில் இருக்கும், ரசீது மகளின் பெயரில் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். போலி ரசீதுகளைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சரிபார்ப்பைக் கடையிலேயே, பணம் கை மாறும் முன் முடித்துவிட்டால் அத்தனை அலைச்சலும் விற்பவர் பொறுப்பாகிவிடும். ஆண்டு முழுவதும் அதையே செய்யும் அவருக்கு அது பழகிய வேலை.

இந்தியாவின் 'உஜாலா' திட்டத்தை இங்கே நினைவுபடுத்துவது பொருத்தம். 2015இல் தொடங்கிய அத்திட்டத்தில் எல்இடி பல்புக்கு அரசு மானியமே தரவில்லை. மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையை இறக்கியது. 2014இல் சுமார் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. பல்பின் விலையை மின்கட்டணத்தோடு சிறு தவணைகளாகக் கட்டும் வசதியும் இருந்தது. 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. ரசீதை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. பல்புக்குச் சரி, சுவரில் வெப்பக்காப்பு வைப்பதற்கு இது ஒத்துவருமா என்று கேட்பார்கள். கொள்முதல் முறை ஒத்துவராமல் போகலாம். தவணை முறை ஏன் ஒத்துவராது?

முன்பணமே வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அரசே கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். இத்தாலி 2020இல் அதைத்தான் செய்தது. நூறு யூரோ செலவுக்கு 110 யூரோ வரிச்சலுகை! வீட்டுக்காரருக்குச் செலவே இல்லாதபோது விலையைப் பற்றி அவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்? நூறு பில்லியன் யூரோவுக்கும் மேல் அரசுக் கருவூலத்தின் தலையில் விழுந்தது. மோசடிகளும் பெருகின. வசதியுள்ளவர் பாதியையாவது கட்டட்டும், இல்லாதவருக்கு முழுவதும் முன்கூட்டியே கிடைக்கட்டும்.

அவசரமும் கூடாது. பிரிட்டன் 2020 செப்டம்பரில் 150 கோடி பவுண்டோடு, 6 லட்சம் வீடுகளை மேம்படுத்துவதாக அறிவித்துத் தொடங்கிய திட்டம் அடுத்த மார்ச்சிலேயே மூடப்பட்டது. பலன் பெற்றவை 50,000 வீடுகள்கூட இருக்காது என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணித்தது. ஆஸ்திரேலியாவில் 2009இல் கூரையில் வெப்பக்காப்பு வைக்கும் வேலைக்கு அரசு பணத்தை வாரி இறைத்தபோது, போதிய பயிற்சி இல்லாமல் கூரைக்குள் அனுப்பப்பட்ட நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அலுமினியத் தாளைப் பொருத்த அடித்த உலோக ஸ்டேபிள் பின் மின்கம்பியில் பட்டு இறந்தவர்களும் அவர்களில் உண்டு. விசாரணை ஆணையம் அமைத்து என்ன பயன், முன்னரே பரிசோதகர்களை நியமித்திருக்க வேண்டாமா?

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வேலைக்குப் பணம் போட வேண்டியவர் வீட்டுக்காரர், பில் குறைவது குடியிருப்பவருக்கு. அதனால் இருவருமே சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இனி மானியப் பட்டியல் வெளியிடும்போது, தொகைக்குப் பக்கத்தில் இரண்டு விவரங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: பணம் எந்தக் கட்டத்தில் கிடைக்கும்? குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாமா?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்