கேசட் மாற்றும் கணினி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று விலைப்பட்டியல்களையும் நிதானமாகப் படித்தேன். பழைய திருமணக் கேசட்டுகளைப் பென் டிரைவில் மாற்றித் தரும் உன் தொழிலுக்கு எந்தக் கணினி வேகமாக இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை விரும்பும் கேமிங் லேப்டாப் நல்ல பொருள்தான். ஆனால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட உன் வேலைக்கு உதவாது. (இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதே.) நீ ஒதுக்கியிருக்கும் 30,000 ரூபாய்க்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், உன் நேரம் எங்கே செலவாகிறது என்று பார். விசிஆரில் கேசட்டை ஓடவிட்டு, கேப்சர் கருவி வழியாகக் கணினியில் ஏற்றும் வேலைக்கு, மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரம்தான் ஆகும். லட்ச ரூபாய்க் கணினியும் அதை ஒரு நிமிடம்கூடக் குறைக்காது. அந்த இடத்தில் வேகம் வேண்டுமென்றால் இன்னொரு விசிஆரும் இன்னொரு கேப்சர் கருவியும்தான் வழி. கணினி குறைக்கக்கூடியது அதற்கு அடுத்த கட்டத்தை மட்டுமே: டிவி (DV) என்ற டிஜிட்டல் பதிவு முறையில் ஏற்றினால் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும் பெரிய கோப்பை, வாடிக்கையாளரின் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஓடும் சிறிய எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்பாக மாற்றுவது.

இந்த வேலையின் அளவையும் கடைக்காரர்கள் மிகைப்படுத்துகிறார்கள். கேசட்டிலிருந்து வரும் பால் (PAL) என்ற பழைய தொலைக்காட்சி முறைப் படம் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்). ஒரு 4கே சட்டத்துக்குள் அப்படிப்பட்ட படங்கள் 20 அடங்கும். 4கே எடிட்டிங் செய்பவருக்குத் தேவைப்படும் பன்னிரண்டு, பதினாறு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு) பிராசஸர்கள் உனக்கு எதற்கு? சிறிய படத்தை மாற்றும்போது அத்தனை கோர்களுக்கும் பிரித்துக் கொடுக்க வேலையே இருக்காது. ஒரு முழம் பூவைப் பத்துப் பேர் சேர்ந்து கட்ட முடியாது அல்லவா? கோர்கள் சும்மா இருப்பதாகத் தெரிந்தால், வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளை ஓடவிடு. மொத்த வேலை சீக்கிரம் முடியும்.

வேகத்துக்கு இன்னொரு வழி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை பிராசஸர்களிலிருந்தே இன்டெல் நிறுவனம், வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனியான ஒரு மின்சுற்றைத் தன் உள்ளமை கிராபிக்ஸோடு சேர்த்துத் தருகிறது. அதற்குக் குவிக் சிங்க் என்று பெயர். இதற்காகத் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் பிராசஸர் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், எடுத்துக்காட்டாக ஐ3-12100எஃப் என்றிருந்தால், அதில் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே இந்த மின்சுற்றும் கிடைக்காது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று பலரும் அதை வாங்கிவிடுகிறார்கள். மலிவான கிராபிக்ஸ் கார்டுகளிலும் இதே கண்ணி உண்டு: என்விடியாவின் ஜிடி 1030 கார்டிலும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டிலும் வீடியோவைச் சுருக்கும் சுற்றே இல்லை. உன்னிடம் இருக்கும் மூன்றாவது பட்டியலில் ஜிடி 1030ஐ 'எடிட்டிங் கார்டு' என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த மின்சுற்றை மட்டும் நம்பி நீ கணினி வாங்கக் கூடாது; காரணம் கேசட்டின் தன்மை. பழைய ஒளிப்பதிவில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் ஒருமுறை என்று இரு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். கணினித் திரையில் அதை அப்படியே காட்டினால், மணமகள் கையை அசைக்கும்போதெல்லாம் விளிம்புகள் சீப்புப் பற்களாகப் பிளந்து தெரியும். இந்த இன்டர்லேஸைச் சரிசெய்யும் வேலையை ஹேண்ட்பிரேக்கில் பிராசஸரின் கோர்களே செய்கின்றன. கேசட் படத்தில் புள்ளிகளாக மினுக்கும் இரைச்சலைத் துடைக்கும் வடிகட்டிகளும் (ஃபில்டர்கள்) அப்படியே. அதிலும் என்எல்மீன்ஸ் என்ற வடிகட்டியைப் போட்டுவிட்டால், சுருக்கும் சுற்று எவ்வளவு வேகமாக இருந்தாலும், முன்னால் இருக்கும் வடிகட்டி முடித்துத் தரும் வரை அது காத்துக்கொண்டுதான் இருக்கும். இரைச்சலை முழுவதுமாக விட்டுவைத்தாலும் தொல்லைதான். திரை முழுக்க மினுக்கும் புள்ளிகளை உண்மையான படம் என்று எண்ணி, மென்பொருள் கோப்பின் இடத்தையெல்லாம் அவற்றுக்கே செலவழித்துவிடும். ஆகவே எச்கியூடிஎன்3டி என்ற இலேசான வடிகட்டியை மட்டும் போடு, என்எல்மீன்ஸை மிக மோசமான கேசட்டுகளுக்கு வைத்துக்கொள். நல்ல கோர்கள் ஆறு இருந்தால் இந்த வேலைக்குப் போதும்.

ஒரே அளவுள்ள கோப்பில், மின்சுற்று சுருக்கியதைவிட எக்ஸ்264 என்ற மென்பொருள் பொறுமையாகச் சுருக்கியது தெளிவாக இருக்கும் என்பதையும் நினைவில் வை. வாடிக்கையாளர் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளப்போகும் பிரதியை எக்ஸ்264இல் இரவில் ஓடவிடலாம். உறவினர்களுக்கு அனுப்பும் சிறிய பிரதிக்குக் குவிக் சிங்க் போதும். எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 முறையில் கோப்பு இன்னும் சிறியதாக இருக்கும். ஆனால் ஊரில் இருக்கும் பழைய தொலைக்காட்சிகள் பலவற்றில் அது ஓடாது, 'படம் வரவில்லை' என்று உனக்குத்தான் தொலைபேசி வரும். 2003இல் வந்த எச்.264ஐ ஏற்காத கருவியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிலர் கேசட்டுக்குப் பதிலாக, டிவியில் திறக்கவில்லை என்று ஏதாவது ஒரு கோப்பைக் கொண்டுவருவார்கள். உள்ளே இருக்கும் படம் ஏற்கெனவே எச்.264ஆக இருந்து, வெளிக்கூடு (படத்தையும் ஒலியையும் சேர்த்துவைக்கும் கோப்பு வகை) மட்டும் எம்கேவியாக இருந்தால், மறுபடியும் சுருக்காதே. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் காப்பி முறையில் வெளிக்கூட்டை மட்டும் எம்பி4 ஆக்கினால் சில நொடிகளில் முடிந்துவிடும், தரமும் துளிகூடக் குறையாது.

இப்போது வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க் வகை மேசைக் கணினிகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அவற்றில் ஐ5-8500 இருக்கும் ஒன்றைப் பார். ஆறு கோர்கள், குவிக் சிங்க், இரண்டும் உண்டு. எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11ஐயும் ஏற்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், ஏழாம் தலைமுறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. எண்ணின் முடிவில் டி என்று இருப்பது 35 வாட்டுக்கு அடக்கப்பட்ட வகை. நீண்ட நேர வேலையில் அது பின்தங்கும். ரேம் 16 ஜிபி, இரண்டு எட்டாக. விண்டோஸுக்குச் சிறிய எஸ்எஸ்டி போதும். வீடியோக்களைச் சாதாரண ஹார்டு டிஸ்கிலேயே வைக்கலாம், ஏனென்றால் உன் கோப்பு நொடிக்கு நான்கு எம்பிகூடக் கேட்பதில்லை. மிஞ்சும் பணத்தில் இரண்டு பெரிய ஹார்டு டிஸ்குகள் வாங்கி, ஒவ்வொரு கேசட்டின் முதல் பதிவையும் இரண்டிலும் வை. நாளை கேசட்டில் பூஞ்சை பிடித்தால் அந்தப் பதிவுதான் மிஞ்சும்.

லேப்டாப்பை நான் விலக்குவதற்குக் காரணம் சூடு. மெல்லிய உடலுக்குள் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடும் பிராசஸர், சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தாம்பரத்தில் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பரில் 59,900 ரூபாய்க்கு வந்த ஆப்பிள் மேக் மினி இந்த வேலையை அருமையாகச் செய்யும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். உன் வருமானம் நிலைக்கட்டும், பிறகு அதைப் பேசலாம்.

கடைக்குப் போகும்போது ஒரு கேசட் பதிவின் பத்து நிமிடத் துண்டையும், நிறுவாமலே ஓடும் ஹேண்ட்பிரேக்கையும் பென் டிரைவில் கொண்டுபோ. நீ வழக்கமாகப் போடும் வடிகட்டிகளோடு அங்கேயே மாற்றிப் பார். நொடிக்கு 100 சட்டங்கள் என்று காட்டினால், மூன்று மணி நேரக் கேசட் முக்கால் மணி நேரத்தில் முடியும் என்று கணக்கு. அதை ஓடவிட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். விசிறிச் சத்தத்தைக் கேள், பில்லில் பிராசஸரின் முழு எண்ணையும் எழுதச் சொல், பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா