மாணவர் கையில் ஒரு வாசிப்புப் பட்டியல்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்த வாரம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒரு சிறிய கோப்பை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இணையத்தில் தொடர்ந்து படிக்க ஏற்ற தளங்களின் பட்டியல் அடங்கிய ஓ.பி.எம்.எல். (OPML) வகைக் கோப்பு அது. கைப்பேசியில் தட்டினால் திறக்காமல் போகலாம். கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் இணையத்தில் நிறையப் படிக்கிறார்கள். ஆனால் எதைப் படிப்பது என்பதைப் பெரும்பாலும் அவர்கள் முடிவு செய்வதில்லை. செயலி எதை முன்னால் நிறுத்துகிறதோ அதுதான் வாசிப்பு என்றாகிவிட்டது. பதினான்கு, பதினைந்து வயதில் தனக்கான வாசிப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் பழக்கம் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்குச் செய்தியோடைகளைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பல இணையதளங்கள் தங்கள் புதிய பதிவுகளின் தலைப்பு, தேதி, சுருக்கம், இணைப்பு ஆகியவற்றை ஆர்.எஸ்.எஸ். (RSS) அல்லது ஆட்டம் (Atom) என்ற கோப்பு வடிவில் தனியாக வெளியிடுகின்றன. இதைத்தான் செய்தியோடை, சுருக்கமாக ஓடை என்கிறோம். 1999 முதல் இருந்துவரும் ஏற்பாடு இது. ஓடைகளைப் படிக்க உதவும் ரீடர் செயலியில் ஓடையின் முகவரியைச் சேர்த்துவிட்டால், அந்தத் தளத்தில் புதிதாக எது வந்தாலும் செயலிக்கு வந்து சேரும். நாசாவின் அன்றாடப் படத்துக்கு ஓடை உண்டு. யூடியூப் அலைவரிசைகளுக்கும் உண்டு. அதில் அந்த அலைவரிசையின் புதிய காணொளிகள் மட்டுமே வரும், பக்கத்தில் பரிந்துரைகள் வரிசைகட்டி நிற்காது. எனக்கு மிகவும் பிடித்தது தமிழ் விக்கிப்பீடியா. அங்கே எந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஓர் ஓடை இருக்கிறது. ஒரு மாணவி கட்டுரை எழுதினால், பிறகு யார் எதைத் திருத்தினார்கள் என்று அதன் வழியே தொடர்ந்து பார்க்கலாம். எழுத்தைச் செம்மைப்படுத்துவது எப்படி என்று அவள் கண்ணெதிரே பார்த்துக் கற்கும் வாய்ப்பு அது.

இப்படிப்பட்ட ஓடைகளின் முகவரிகளைத் தொகுத்து வைப்பதுதான் நாங்கள் தரும் கோப்பு. நூலகத்தில் இருக்கும் நூற்பட்டியல் போன்றது. நூல்கள் அதற்குள் இல்லை. சாதாரண நோட்பேடில் திறந்தால் எக்ஸ்.எம்.எல். (XML) வரிகள், அதாவது கணினி புரிந்துகொள்வதற்கான குறிகளோடு எழுதிய வரிகள், தெரியும். மேலே கோப்பின் தலைப்பு, அதன்கீழ் ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு வரி, வரிக்குள் பெயரும் முகவரியும். ஒரு வரிக்குள் மற்ற வரிகளை அடக்கினால் அது கோப்புறை ஆகிவிடும். தலைப்பு, உட்தலைப்பு என்று அடுக்கி எழுதும் மென்பொருளுக்காக அமெரிக்க மென்பொருள் உருவாக்குநர் டேவ் வைனரின் யூசர்லேண்ட் நிறுவனம் உருவாக்கிய வடிவம் இது. பிறகு ஓடைப் பட்டியல்களைப் பரிமாற எல்லோரும் இதையே எடுத்துக்கொண்டார்கள். ஓடைகளைப் படிக்க உதவும் தண்டர்பேர்ட், நெட்நியூஸ்வயர், ஃபீட்லி எல்லாமே இதை ஏற்கும். பாட்காஸ்ட் கேட்க உதவும் ஆன்டெனாபாடும் ஏற்கும். அமைப்புகள் பகுதியில் ‘இம்போர்ட்’ என்பதைத் தேடிக் கோப்பைக் காட்டினால் போதும்.

எந்தச் செயலி என்று நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. காரணம் இருக்கிறது. ஏராளமானோர் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. தங்கள் பட்டியலை இதே வகைக் கோப்பாக எடுத்து வைத்தவர்கள் வேறு செயலிக்கு மாறித் தொடர்ந்து படித்தார்கள். செயலி போனாலும் பட்டியல் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அதற்காகப் பட்டியலை மாற்றும்போதெல்லாம் ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முகவரிகளும் கோப்புறைகளும்தான் அதில் வரும். எதைப் படித்தாயிற்று, எதைச் சேமித்து வைத்தோம் என்ற விவரம் வராது.

எங்கள் கோப்பில் அறிவியல், மொழி, ‘என் தேர்வு’ என்று மூன்று கோப்புறைகள் உள்ளன. மூன்றாவதில் ஒன்றும் இல்லை, வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறோம். அதை நிரப்புவது பிள்ளையின் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து ‘ஏன் இதைச் சேர்க்கிறாய்?’ என்று கேட்பது உங்கள் வேலை. தடுப்பதற்காகக் கேட்க வேண்டாம், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். அன்றாடம் பல செய்திகளை வெளியிடும் தளத்தையும், மாதம் ஒருமுறை நல்ல கட்டுரை எழுதுபவரையும் ஒரே கோப்புறையில் போட்டால் இரண்டாமவர் காணாமல் போவார். செய்தித் தளங்களைத் தனியே பிரித்து வையுங்கள். சில வாரங்களாகத் திறந்தே பார்க்காத ஓடையை நீக்கிவிடுங்கள். படிக்காமல் குவியும் எண்ணிக்கையைக் கண்டு சோர்ந்துதான் பலரும் இந்தப் பழக்கத்தையே விட்டுவிடுகிறார்கள்.

நண்பர்களோடு கோப்பைப் பகிர்வதை வரவேற்கிறேன். ஆனால் அனுப்பும் முன் ஒருமுறை திறந்து படித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் எதைத் தொடர்கிறார் என்பது அவருடைய உடல்நிலை, நம்பிக்கை, கவலை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். கட்டணச் சந்தாக்கள் சிலவற்றின் ஓடை முகவரியிலேயே அந்தச் சந்தாதாரருக்கான ரகசியக் குறியீடு இருக்கும். அது வெளியே போனால் யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம். அத்தகைய வரிகளை நீக்கிய தனிப் பிரதியையே பகிர வேண்டும். நோட்பேடில் கைவைத்தால் ஒரு குறி பிசகினாலும் செயலி முழுக் கோப்பையும் ஏற்க மறுக்கலாம். அதனால் பகிர வேண்டாத ஓடைகளைச் செயலியிலேயே நீக்கிவிட்டு எக்ஸ்போர்ட் செய்வது நல்லது. முழுப் பட்டியலின் பிரதியை அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தால் பிறகு திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

பள்ளியின் பட்டியலை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதுப்பிப்போம். புதிய கோப்பை ஏற்றும்போது பெரும்பாலான செயலிகள் புதிய ஓடைகளைச் சேர்க்குமே தவிர, நாங்கள் நீக்கியவற்றைத் தாமாக நீக்காது. அவற்றின் பெயர்களைத் தனியே எழுதி அனுப்புகிறோம்.

கோப்பை ஏற்றுவதில் சிக்கல் இருந்தாலோ, வீட்டில் கணினியோ கைப்பேசியோ இல்லாவிட்டாலோ மாணவர்கள் பள்ளி நேரம் முடிந்ததும் கணினி ஆய்வகத்துக்கு வரலாம். கணினி ஆசிரியர் உடனிருந்து உதவுவார். ‘என் தேர்வு’ கோப்புறையில் சேர்த்தவற்றில் மற்ற மாணவர்களுக்கும் பயன்படும் என்று நினைப்பவற்றை மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த பருவத்தின் பட்டியலை அவற்றிலிருந்துதான் தொடங்கப் போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்