கேப் தனிநாடு கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேப் தனிநாடு கோரும் அமைப்பினருக்கு,

வணக்கம். மேற்கு கேப் மாகாணம் தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரிய வேண்டுமா என்பதை அங்கே வாக்குரிமை உள்ளவர்கள் முடிவுசெய்து கொள்ளட்டும். வெளியூர்க்காரனான நான் அதில் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் உங்கள் ஆதரவாளர்களில் சிலர், அந்நாட்டின் பெரிய கறுப்பின மக்கள் குழுக்களில் ஒன்றான கோசா மக்களை வந்தேறிகள் என்று பேசுவதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1652இல் டச்சுக் குடியேற்றத்தைத் தொடங்கிய வான் ரீபெக், இன்றைய கேப் டவுனில் உள்ள மேசை மலையடியில் இறங்கியபோது அங்கே கோசா வயல்கள் இல்லை என்பது உண்மைதான். காரணம் மழை. பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த கோசாக்களின் முன்னோர், வடக்கிலிருந்து தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்த உழவர்கள். அவர்கள் விதைத்த சோளத்துக்கும் கம்புக்கும் கோடை மழை வேண்டும். கேப் டவுன் பக்கம் பெய்வதோ குளிர்கால மழை. ஆகவே அவர்களுடைய உழவு கிழக்கே ஃபிஷ் ஆற்று வட்டாரத்தோடு நின்றது. மேற்கே மந்தை மேய்த்தவர்கள் கோய் மக்கள், வேட்டையாடியவர்கள் சான் மக்கள். முதலில் வந்தவருக்கே மண் என்றால், பட்டா அவர்கள் பெயரில்தான் இருக்கும். உங்கள் பெயரில் அல்ல.

அந்த மக்களோடு கோசாக்கள் எவ்வளவு நெருங்கிப் பழகினார்கள் என்பதற்கு அவர்களுடைய பேச்சே சாட்சி. நாம் உச்சுக் கொட்டும்போது எழும் ஒலி கோசா மொழியில் ஒரு முழு மெய்யொலி. நாக்கின் பக்கவாட்டில் எழுவது, மேலண்ணத்தில் எழுவது என்று இன்னும் இரண்டு வகை உண்டு. மூன்றும் கோய், சான் மொழிகளிலிருந்து வந்தவை. சந்தையில் மாடு விற்றுவிட்டுப் பிரிந்து போகிறவர்களிடமிருந்து இப்படி ஒலிகள் ஒட்டிக்கொள்வதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே வீட்டில் இரண்டு மொழி புழங்க வேண்டும். குனுக்வெபே என்ற கோசாப் பிரிவே கோய் கலப்பில் உருவானதுதான்.

பிறகு கோசாக்கள் மேற்கே வந்தது எப்படி? 1779 முதல் 1879 வரை வெள்ளையர் குடியேற்றத்தோடு ஒன்பது எல்லைப் போர்கள். நடுவில், முன்னோர் எழுந்து வருவார்கள் என்ற நோங்கவுசே என்னும் சிறுமியின் வாக்கை நம்பி மாடுகளைக் கொன்று தீர்த்தார்கள். 1857 பஞ்சத்தில் சுமார் 40,000 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பல்லாயிரம் பேரை ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் நிர்வாகம் கேப் காலனிக்குக் கூலிகளாக அனுப்பியது. கூலிக்கு ஆள் வேண்டும், குடியிருக்க ஆள் வேண்டாம்! 1955க்குப் பிறகு, நிறவெறி அரசினர் மேற்கு கேப்பில் வேலை 'கலர்டு' எனப்பட்ட கலப்பின மக்களுக்கே முதலில் என்றார்கள். 1976இல் டிரான்ஸ்கெய், 1981இல் சிஸ்கெய் என்று கோசாக்களுக்கென இரண்டு பொம்மை நாடுகளைச் செய்து, உன் தேசம் அதுதான், போ என்றார்கள். வந்தேறி என்று இன்று பேசுகிறவர்கள் எடுத்து வைப்பதும் அதே வாதம்தான்.

இன்று மேற்கு கேப்பில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் வீட்டில் பேசுவது கோசா. ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம், கோசா மூன்றும் மாகாணத்தின் ஆட்சிமொழிகள். உங்கள் மாகாண அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே வாக்கெடுப்பு கேட்கும் அடுத்த அறிக்கையைக் கோசாவிலும் அச்சிடுங்கள். நீங்கள் கேட்கும் புதிய நாட்டில் கேப் டவுனின் கறுப்பினக் குடியிருப்புகளான கயலிட்ஷா, லாங்காவில் வாழ்பவர்களுக்கு மற்றவர்களைப் போலவே முழுக் குடியுரிமை உண்டா என்பதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்