கூட்டுறவு கிராமிய வங்கி வைப்புகளுக்கும் காப்புறுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை வங்கிகளையும் இந்திய வங்கிகளையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் அளவைத்தான் பார்க்கிறார்கள். நிறுவனம் மூழ்கினால் வைப்பாளருக்கு யார் பணம் கொடுப்பார் என்று கேட்டால், இரு நாடுகளும் வெவ்வேறு இடங்களில் ஓட்டை விட்டிருப்பது தெரியும்.

இந்தியாவில் 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி என்ற தனியார் வங்கி வீழ்ந்தது. அதையடுத்து 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்புறுதி, அதாவது வங்கி மூழ்கினால் வைப்பாளருக்கு ஒரு வரம்பு வரை பணம் கொடுக்கும் ஏற்பாடு, நடைமுறைக்கு வந்தது. தொடக்க உச்சவரம்பு 1,500 ரூபாய். இங்கே கட்டாயத் திட்டம் 2010 ஒக்டோபரில்தான் வந்தது. 2 இலட்சத்தில் தொடங்கிய வரம்பு 2021இல் 11 இலட்சமானது. பிந்தி வந்தாலும் நிதிக் கம்பனிகளையும் அது உள்ளே எடுத்துக்கொண்டது. 2020இல் தி ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்தானபோது, வைப்பாளர்களுக்கு அன்றைய வரம்பான 6 இலட்சம் வரை இந்த நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டது. இந்தியாவில் நிதிக் கம்பனியில் பணம் போட்டவருக்கு இந்தக் காப்பு இல்லை. இந்த விடயத்தில் நாம் முந்தியிருக்கிறோம்.

ஆனால் அங்கே கூட்டுறவு வங்கிகளுக்குக் காப்பு உண்டு. நமது கூட்டுறவு கிராமிய வங்கிகளுக்கு இல்லை. அவை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்றவை அல்ல. பெரும்பாலானவை தனி நிறுவனங்களுமல்ல, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் ஒரு பிரிவு மட்டுமே. சிக்கலின் வேர் இதுதான். சங்கத்தின் கடையோ எரிபொருள் நிலையமோ நட்டத்தில் ஓடினால், அதை ஈடுகட்ட வைப்புப் பணத்தில் கைவைக்க வழி திறந்திருக்கிறது. அடகில் ஈட்டும் வட்டியும் அந்தப் பள்ளத்திலேயே போய்விடும்.

கூட்டுறவு மாகாண சபை விடயம், கொழும்பு தலையிட முடியாது என்பார்கள். இந்தியாவிலும் அது மாநில விடயமே. அங்கே 1966 மார்ச்சில் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கூட்டுறவு வங்கிகளுக்கு நீட்டினார்கள். 1968இல் காப்புறுதிச் சட்டத்தைத் திருத்தி, மாநிலங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள்: வங்கியைக் கலைக்கும்படி ரிசர்வ் வங்கி கேட்டால் கலைக்க, மாநிலக் கூட்டுறவுச் சட்டம் இடம் தரவேண்டும். திருத்திய மாநிலத்துக்கே காப்பு. நமது மாகாணங்களுக்கும் இதே வழி பொருந்தும்.

அந்த ஏற்பாடும் குறையற்றதல்ல. 1993இல் வைத்த 1 இலட்ச வரம்பு 2020 வரை அசையவில்லை. 2019 செப்டம்பரில் மும்பையின் பஞ்சாப் அண்ட் மஹாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டபோது, வைப்பாளர் முதலில் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய் மட்டுமே. அதன் பிறகே வரம்பு 5 இலட்சமானது. கட்டுப்பாடு விதித்த 90 நாட்களுக்குள் காப்புத்தொகை கொடுக்கவேண்டுமென்ற சட்டம் 2021இல் வந்தது. நமக்கும் இது எச்சரிக்கை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2021இல் குறித்த 11 இலட்சத்தின் பெறுமதி எவ்வளவு கரைந்திருக்கும்! வரம்பை விலைச்சுட்டெண்ணோடு கட்டிவிடவேண்டும்.

செய்யவேண்டியவை மூன்று. முதலில் கிராமிய வங்கியின் கணக்கைச் சங்கக் கணக்கிலிருந்து சட்டப்படி பிரிக்கவேண்டும். அடுத்து மாகாண நியதிச் சட்டங்களைத் திருத்தி மத்திய வங்கியின் பரிசோதனைக்கு இடமளிக்கவேண்டும். அதன் பிறகே காப்புறுதி. வரிசை மாறி, கணக்கைப் பிரிக்காமல் காப்புறுதி கொடுத்தால், ஏனைய வங்கிகள் காப்புறுதிக்காகக் கட்டிய கட்டுப்பணம் கடை நட்டத்துக்கே போகும். கட்டுப்பணத்தை வைப்பாளரிடம் அறவிடவும் தேவையில்லை. இந்தியாவில் 2020இல் அது 100 ரூபாய் வைப்புக்கு ஆண்டுக்கு 12 பைசாவானது. அதை வங்கிதான் கட்டியது.

இப்போது பணம் போட்டிருப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 11 இலட்சம் என்பது ஒருவருக்கு, ஒரு நிறுவனத்துக்கு. வெள்ளவத்தைக் கிளையில் பாதி, கொட்டாஞ்சேனைக் கிளையில் மீதி என்று போட்டாலும் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

வங்கித்துறை ஆய்வாளர்கள் சிலர்,
கொழும்பு – 06